மேடு பேசுகிறது, நாடு கேட்கிறதா?

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆறு கடலை நெருங்கி வளைகின்ற இடத்தில், நீர்ப்பரப்பை நோக்கி மூக்கை நீட்டினாற்போல் ஒரு மேடு நிற்கிறது. ஓங்கிய மலையன்று, உயர்ந்த கோபுரமன்று, மரங்கள் நிழல் பரப்பும் மண்மேடு. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அங்கே நடந்தால் காலில் பானை ஓடு இடறும். கண்ணில் கண்ணாடி மணி மின்னும். அதுதான் அரிக்கமேடு.

அந்த மேட்டுக்கு மணியடிக்க ஆளில்லை. மாலை சூட்ட ஆளில்லை. முடியிறக்க நேர்ந்துகொண்டு வருவாரும் இல்லை. ஆயினும் தோழர்களே, அந்த மேடு பேசுகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்த ஆற்றங்கரையில் உலை மூட்டியவன், மணி இழைத்தவன், சக்கரம் சுழற்றியவன், படகு தள்ளியவன் ஆகியோர் நமக்கு எழுதி வைத்த உயில் அது. ஏட்டிலே எழுதப்பட்டதன்று, ஓட்டிலே எழுதப்பட்டது. அந்த உயிலின் சொத்தை மூன்று முறை கொள்ளையடித்தனர். முதற் கொள்ளையில் கல் போயிற்று. இரண்டாம் கொள்ளையில் பெயர் போயிற்று. மூன்றாம் கொள்ளையில் நினைவே போயிற்று. இந்த மூன்றையும் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

முதற் கொள்ளை எல்லாருக்கும் தெரியக்கூடியது. மண்ணுக்குள் நல்ல செங்கல் கிடைக்கிறது என்று அறிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். சுவர் இருந்த இடத்தில் பள்ளம் மட்டும் எஞ்சியது. 1945-இல் அங்கு அகழ்ந்த ஆய்வாளர்கள், செங்கல் களவாடப்பட்ட பள்ளத்தின் தடத்தைப் பார்த்தே சுவர் எங்கே ஓடியது என்று கணிக்க வேண்டிய நிலையும் இருந்தது. மற்றொரு பக்கம் ஆறு கரையை அரித்து, தன் பங்குக்குத் தின்றது. ஆற்றுக்கு அறிவில்லை; மன்னிக்கலாம். மனிதனுக்கு?

இன்று மேட்டின்மேல் நின்றுகொண்டிருக்கும் செங்கல் இடிபாட்டைக் கண்டு, "இதோ ரோமானியர் கட்டடம்!" என்று வியப்பவர் உண்டு. அது ரோமானியருடையதன்று. 1770-களில் பிஞோ தெ பெஹேன் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் நடத்திய குருமடத்தின் எச்சம் அது. சயாம் வளைகுடாக் கரையிலிருந்து விரட்டப்பட்ட அந்தக் குருமடம் இங்கே வந்து இடம் பிடித்தது. பின்னாளில் வியத்நாம் அரசியலிலேயே பெரும் பங்கு கொண்டவர் அந்தப் பாதிரியார். அதுவும் வரலாறுதான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கண்ணுக்குத் தெரிகிற சுவர் 250 ஆண்டுக்கு முந்தியது, கண்ணுக்குத் தெரியாத ஊரோ 2000 ஆண்டுக்கு முந்தியது என்ற வேறுபாட்டைக்கூட எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் மக்கள் மயங்குகிறார்களே, அது யார் குற்றம்?

இனி இரண்டாம் கொள்ளை. இது கடப்பாரை கொண்டு நடந்ததன்று. எழுதுகோல் கொண்டு நடந்தது.

1937 வாக்கில், புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞரிடம், மேட்டில் விளையாடிய சிறுவர்கள் பொறுக்கிய வண்ணக் கற்களைக் கொண்டுவந்து கொடுத்தனர். அவற்றுள் ஒன்றில் ஒரு மனிதத் தலை செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமப் பேரரசன் அகஸ்டஸ் உருவம் என்று அவர் கருதினார். அங்கிருந்து தொடங்கியது ஆராய்ச்சி. 1941 முதல் பாதிரியார் ஃபோஷேவும் சுர்லோவும் தோண்டினர். 1945-இல் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைமை இயக்குநர் மார்ட்டிமர் வீலர் வந்து அகழ்ந்தார். 1947 முதல் 1950 வரை கசால் அகழ்ந்தார். இத்தாலியில் அரெட்டியம் என்னும் ஊரில் வனையப்பட்ட செந்நிறக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் கொண்டுவந்த இருகாதுச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. செங்கல்லால் கட்டிய நீண்ட கட்டடமும், சாயத் தொட்டி என்று வீலர் கருதிய தொட்டிகளும் வெளிப்பட்டன. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸ் நூலும், பின்னர் வந்த தாலமியின் நூலும் கூறும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்று அறிஞர் பலர் ஏற்றனர்.

பெரும் பணிதான், மறுப்பார் இல்லை. மண்ணடுக்கை வரிசை வரிசையாகப் படித்துக் காலத்தைக் கணிக்கும் முறையை அங்கு வீலர் நடத்திக் காட்டினார். தென்னாட்டுத் தொல்லியலுக்கே அது ஒரு கடிகாரம் போலப் பயன்பட்டது. அதற்காக அவருக்கு நன்றி கூறுகிறோம். ஆனால் அவர் முடிவாகச் சொன்னது என்ன? எளிய மீனவர் வாழ்ந்த சிற்றூர் ஒன்று உறங்கிக் கிடந்தது. மேற்கிலிருந்து வணிகர் வந்து இறங்கினர். உடனே ஊர் விழித்தது. இதுவே அவர் தீட்டிய படத்தின் சாரம். விளக்கை ஏற்றியவன் வெளியூரான். உள்ளூரான் வெறும் திரி!

இந்தப் படம் நிற்கவில்லை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார், சென்னைப் பல்கலைக்கழக அறிஞர்களுடன் சேர்ந்து அங்கு மறுபடியும் அகழ்ந்தார். ரோம வணிகம் தலைகாட்டுவதற்கு முன்பே அங்கு ஊர் இருந்தது, அந்த வணிகம் ஓய்ந்த பின்னும் ஊர் இருந்தது என்பதை அவ்வகழாய்வு வெளிப்படுத்தியது. ஆற்றின் மேல்பகுதியில், சுத்துக்கேணி முதலிய இடங்களில், பெருங்கற்காலத்து ஈமக்குழிகளைக் கசால் முன்னரே கண்டிருந்தார். ஆகவே இந்த ஆற்றங்கரை ஆளற்ற வெளியன்று. அன்னியன் வந்து கண் திறந்த குருட்டு நிலமுமன்று.

மற்றொரு செய்தியையும் கேளுங்கள். உட்புறத்திலே புள்ளி வரிசைகள் வளையம் வளையமாகச் சுற்றிவரும் வழுவழுப்பான தட்டுகள் அரிக்கமேட்டில் ஏராளமாகக் கிடைத்தன. இத்தகைய நேர்த்தி இங்கே எப்படி வரும் என்று எண்ணி, அவையும் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த சரக்கு என்றே வீலர் கருதினார். பிற்காலத்தில் அந்த ஓடுகளின் களிமண்ணை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். அது இந்திய மண் என்று தெரிந்தது. கங்கையின் கீழ்ப்பகுதி மண் என்று சில ஆய்வாளர் சுட்டினர். தமிழ்நாட்டு மண் என்று சொல்லியிருந்தால் நமக்கு இனித்திருக்கும்; அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும் அதையே ஏற்கிறோம். சோதனைக்குத் தலைவணங்குபவனே பகுத்தறிவாளன். தனக்குப் பிடித்த சோதனைக்கு மட்டும் தலைவணங்குபவன் வேறொரு வகைப் பூசாரி.

சரி, அரிக்கமேட்டின் உண்மைப் பெருமை எது? ரோமாபுரியிலிருந்து வந்து இறங்கியதன்று. இங்கே செய்து ஏற்றியது. கண்ணாடியைக் காய்ச்சி, உள்ளே துளையுள்ள நீண்ட குழலாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி, சூட்டிலே முனை மழுக்கிச் சிறு மணிகளாக ஆக்கும் கலை இங்கே நடந்தது. இந்தவகை மணி பிறந்த மிகத் தொன்மையான தொழிற்களம் அரிக்கமேடு என்று மணிகளை உலகெங்கும் தேடி ஆராய்ந்த பீட்டர் ஃபிரான்சிஸ் கூறினார். இவ்வகை மணிகள் இலங்கையிலும், சயாமிலும், வியத்நாமிலும் கிடைக்கின்றன. ஆந்திரத்தில் பாபாநாயுடுபேட்டை என்னும் ஊரில், கண்ணாடியை இழுத்து மணியாக்கும் இந்தக் கைத்தொழில் 20-ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்ததை அவர் நேரில் கண்டு எழுதினார். ஈராயிரம் ஆண்டு அறுபடாத அறிவு! அதற்கு ஒரு தல புராணம் உண்டா? ஒரு பல்லக்கு உண்டா? ஒரு பரிவட்டம் உண்டா?

எழுத்தறிவு இல்லாத கூட்டம் என்பாரும் அந்த ஓடுகளைப் பார்க்கட்டும். அரெட்டியத்துக் குயவுக்கூடத்தின் முத்திரை இத்தாலியக் கலத்தில் இருப்பதைப் போல, இங்குள்ள ஓடுகளில் தமிழி எழுத்துக் கீறல்கள் இருக்கின்றன. பிராகிருதப் பெயர்களும் இருக்கின்றன. கடல் கடந்து, எகிப்தின் செங்கடற்கரையில் பெரனிகே என்னும் துறையில் 'கொற்றன்' என்னும் பெயரும், குசேர் அல்-கதீம் என்னும் துறையில் 'சாதன்', 'கணன்' என்னும் பெயர்களும் ஓட்டிலே கிடைத்தன. அவர்கள் பேரரசர் அல்லர், பெருந்தெய்வங்களும் அல்லர். நம் வீட்டுப் பிள்ளைக்கு இடத்தக்க பெயர் கொண்ட மனிதர்கள். கடல் கடந்தால் தீட்டு என்று சாத்திரம் பேசியவர்கள் பேசிக்கொண்டிருக்க, கொற்றனும் சாதனும் கடலைக் கடந்து போய்ப் பானையில் பெயர் எழுதினர். இந்தியச் சரக்குக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசு ரோமப் பேரரசிலிருந்து வெளியேறுகிறதே என்று பிளினி புலம்பியது, இத்தகைய கைகளின் திறமையைக் கண்டுதான்.

இனி மூன்றாம் கொள்ளைக்கு வருவோம். இதுவே கொடியது. கல்லைத் திருடியவன் வீடு கட்டினான். பெயரைத் திருடியவன் நூல் எழுதினான். நினைவைத் திருடியவனோ நம் மூளையிலேயே குடியேறிவிட்டான்.

வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்லும் காட்சியைக் காண, லெ ஜாந்தீய் என்னும் பிரெஞ்சு வானியல் அறிஞர் 1769-இல் புதுச்சேரியில் காத்திருந்தார். அந்த நாளில் மேகம் மறைத்துவிட்டது. வானம் அவருக்குக் கைகொடுக்கவில்லை, மண் கைகொடுத்தது. வீராம்பட்டணத்து வெளியிலே இடுப்பளவு மணலில் புதைந்து கிடந்த கருங்கற்சிலை ஒன்றை அவர் கண்டார். இது யார் என்று சுற்றியிருந்த மக்களைக் கேட்டார். புத்தர் என்றனர். ஏன் வழிபாடு இல்லை என்பதற்கும் விடை வந்தது: பிராமணர்கள் மக்களின் நம்பிக்கைக்கு எசமானர்கள் ஆன பின்பு இவரை யாரும் கவனிப்பதில்லை என்றார்களாம். இதை எழுதி வைத்தவர் நம் இயக்கத்தவர் அல்லர். நம் இயக்கம் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன் வந்த ஒரு வெளிநாட்டார். சொன்னவர்கள் மேடைப் பேச்சாளர் அல்லர். கரையோரத்து எளிய மக்கள். அரிக்கமேடு என்னும் பெயரே 'அருகன் மேடு' என்பதன் திரிபு என்று விளக்குவாரும் உளர்.

அருகன் போனான், புத்தன் மணலில் புதைந்தான், வந்தது எது? பாகூருக்குப் போங்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து, 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு பாகூரில் கிடைத்தது. மூன்று ஊர்களின் வருவாயை ஒரு வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது வேத சாத்திரக் கல்விக்கூடத்துக்கு, அது எழுதி வைக்கிறது. திருபுவனைக்குப் போங்கள். அங்குள்ள 1048-ஆம் ஆண்டுச் சோழர் கல்வெட்டு, 72 வேலி நிலத்தையும் அதிலிருந்து வரும் 12,000 கலம் நெல்லையும் கணக்குக் காட்டுகிறது. 260 மாணாக்கர், 12 ஆசிரியர். கற்பித்தவை யாவை? வேதங்கள், வடமொழி இலக்கணம், இதிகாசம், மனு சாத்திரம்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 72 வேலியை உழுதவன் எவன்? 12,000 கலத்தை அளந்து கொட்டியவன் எவன்? அவன் பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் ஒரு பலகை உண்டா? அதே செஞ்சியாற்றின் கடைமுனையில், கண்ணாடி இழைத்த கைக்குப் பாடம் உண்டா? சாயம் ஏற்றிய கைக்குப் பாடம் உண்டா? கலம் கட்டிய கைக்குப் பாடம் உண்டா? மனுவுக்கு உண்டு! உழைப்பவன் படிக்கலாகாது என்று விதித்த மனுவைப் படிப்பதற்கு, உழைப்பவன் விளைத்த நெல்! இதைவிடக் கசப்பான நகைச்சுவையை எந்த நாடக ஆசிரியன் எழுதுவான்? கல்விக்கூடம் வைத்தது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே பெரும்பான்மையை நிறுத்தியது குற்றம் என்கிறோம். அதன் விளைவுதான், மணி செய்தவனின் பேரன் மணி செய்த மேட்டை மறந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதே ஆற்றுக்குச் சங்கராபரணி என்று பெயர். சங்கரனின் அணிகலன் என்று பொருள். அதன் கரையில், வில்லியனூரை அடுத்த திருக்காஞ்சி, காசியைவிட வீசம் உயர்ந்தது என்று பெருமை பேசுகிறார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. புண்ணியத்தைப் பதினாறில் ஒரு பங்கு வரை துல்லியமாக நிறுத்துச் சொல்லும் தராசு எந்தக் கடையில் கிடைக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை! 2023-இல் அங்கே புஷ்கரணி என்று பெருவிழா நடந்தது. மக்கள் திரள் திரளாக மூழ்கி எழுந்தனர். மேட்டுக்கு அருகிலேயே வீராம்பட்டணம். அங்கே செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் பிடித்துத் தொடங்கி வைத்தாராம். அவர்கள் கப்பலேறிப் போன பின்னும் ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கும் வழக்கம் தொடர்ந்துவருகிறது.

தேர் இழுக்கும் மீனவத் தோழர்மீது நமக்குப் பகை இல்லை. அவர்கள் நம் இரத்தம். நாம் கேட்பது அரசாங்கத்தின் கையைப் பார்த்து: மதச்சார்பற்ற அரசின் கை தேர்வடத்துக்கு ஆண்டு தவறாமல் நீள்கிறதே, அதே மீனவனின் முப்பாட்டன் கடல் கடந்த வரலாறு புதைந்திருக்கும் மேட்டுக்கு அந்தக் கை எத்தனை முறை நீண்டது? நாம் கேட்பது மக்களைப் பார்த்து: திருக்காஞ்சியில் மூழ்கிய ஆயிரமாயிரவரில், அதே நீர் இன்னும் சிறிது தூரம் ஓடித் தழுவும் அரிக்கமேட்டை மிதித்தவர் எத்தனை பேர்? இல்லாத புண்ணியத்துக்கு இத்தனை கூட்டம். இருக்கும் சான்றுக்கு ஆளில்லையா?

இங்கே ஒரு வார்த்தை நமக்குள்ளேயும் பேசிக்கொள்ள வேண்டும். நம்மிலும் சிலர், அரிக்கமேடு என்றதும் ஆவேசமடைந்து, "ரோமாபுரிக்கே ஆடை கட்டக் கற்றுக் கொடுத்தவன் தமிழன்!" என்று முழங்குகின்றனர். அகநானூறு கூறும் வீரை என்னும் துறை இதுவே என்று சிலர் கருதுகின்றனர். அது ஒரு கருத்து, முடிந்த முடிபு அன்று. அதையே கல்வெட்டுப் போலச் சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம், தோழர்களே. பொய்ப் புராணத்தை எதிர்க்கப் புதுப் புராணம் எழுதுவது, பேயை ஓட்டப் பிசாசை அழைப்பதற்கு ஒப்பாகும். அந்த மேட்டில் பிராகிருதம் பேசியவனும் இருந்தான். யவனனும் வந்து போனான். புத்தனை வணங்கியவனும் வாழ்ந்தான். பலர் கூடி உழைத்துச் சேர்ந்து வாழ்ந்த துறைமுகம் என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமைக்குப் பொய்யின் முட்டு தேவையில்லை. ஓடு போதும், மணி போதும், உண்மை போதும்.

ஆகவே என்ன செய்யலாம்? அழுவதற்காக நாம் எழுதவில்லை. அரசை நோக்கி நாம் கேட்பவை எளியவை. ஆறு அரிக்கும் கரையை அறிவியல் முறையில் காத்திடுக. அகழாய்வு அறிக்கைகளின் சாரத்தை, கூலிக்காரனும் வாங்கும் விலையில், எளிய தமிழில் அச்சிட்டு வழங்குக. அரிக்கமேட்டுப் பொருள்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடல் கடந்து பாரிசுக்கும் ஹனோய்க்கும் போனவையும் உண்டு. அவற்றின் படங்களேனும் அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர்ப் பள்ளிகளின் சுவரில் தொங்கட்டும். காக்காயந்தோப்பிலும் வீராம்பட்டணத்திலும் உள்ள இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து, வருவோர்க்கு வழிகாட்டும் வேலையை அவர்களுக்கே கொடுக்கட்டும். அந்த உயிலுக்கு உரிமைக்காரர் அவர்களே அல்லரோ?

இளைஞர்களை நோக்கிக் கேட்பது அதைவிட எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். உங்கள் படிப்பகத்திலிருந்து மிதிவண்டியில் புறப்படுங்கள். பாகூரில் தொடங்குங்கள், ஊர்களின் வருவாய் எங்கே போயிற்று என்று தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள். திருபுவனையில் அந்த 72 வேலிக் கணக்கைச் சொல்லுங்கள். வில்லியனூர் வழியே ஆற்றோரமாக வந்து, மாலையில் அரிக்கமேட்டில் ஏறி நில்லுங்கள். குருமடத்தின் சுவரைக் காட்டி இது எது, மண்ணுக்குள் இருப்பது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். காலடியில் ஒரு மணி மின்னும்; எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக் கை துடிக்கும். எடுக்காதீர்கள்! அது கிடக்கும் இடத்தில் கிடந்தால்தான் காலம் சொல்லும். உங்கள் பையில் ஏறினால் வெறும் கண்ணாடி. முதற் கொள்ளையின் கடைசிக் கை நம் கையாக இருக்கலாகாது.

குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். அந்த மணியைச் செய்தவன் வரம் கேட்டுச் செய்யவில்லை. வெப்பத்தை அறிந்து, விகிதத்தை அறிந்து, கையைப் பழக்கிச் செய்தான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் அறிவு மட்டும் மண்ணோடு மண்ணாகாமல் நம்மைப் பார்த்து மின்னிக்கொண்டிருக்கிறது.

மேடு பேசுகிறது. கேட்கும் செவி நமதாகட்டும்!